பசியை அடக்கும் மாத்திரை



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை என் தமக்கை தொலைபேசியில் என்னை அழைத்தாள். "தம்பி, இவள் பத்து நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை. தட்டில் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. தேர்வு நெருங்குகிற பயமோ என்னவோ! நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ" என்றாள். அவள் குறிப்பிட்டது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் தன் மகளை. நான் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கும் ஆசிரியன். அன்றிரவே சென்றேன்.

பெண்ணின் உதடுகள் உலர்ந்திருந்தன. விரல்கள் இலேசாக நடுங்கின. கையைப் பற்றி நாடியை எண்ணினேன். அமைதியாக அமர்ந்திருந்த பெண்ணுக்கு நாடி நிமிஷத்திற்கு 112 முறை துடித்தது. "என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு புத்தகப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். மருந்தின் பெயர் இருக்கவேண்டிய பகுதி கிழிந்து போயிருந்தது.

"இது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான், மாமா. தெருவில் வாங்கியதில்லை" என்றாள்.

"யாருக்கு எழுதிக் கொடுத்தது?"

"என் தோழியின் அக்காவுக்கு. அவர் நிறைய இளைத்துவிட்டாராம். இதைச் சாப்பிட்டால் பசியே எடுக்காதாம்."

இந்த நிகழ்ச்சியை உங்களிடம் சொல்ல அவளே எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். அன்றிரவு அவளுக்கு நான் கூறியவற்றைத்தான் இன்று உங்களுக்கும் கூறப்போகிறேன்.

முதலில், பசி என்பது யாது? அது வயிற்றில் பிறப்பதாக நாம் எண்ணுகிறோம். வயிறு செய்தி அனுப்புகிறது என்பது உண்மையே. ஆனால் அச்செய்தியைப் படித்து ஆணையிடும் இடம் மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியாகும். உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு, "கையிருப்பு போதும்" என்று லெப்டின் என்ற ஹார்மோன் மூலம் மூளைக்குத் தெரிவிக்கிறது. இதனை 1994-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். வெறும் வயிறு, "உணவு வேண்டும்" என்று க்ரெலின் என்ற மற்றொரு ஹார்மோன் மூலம் முறையிடுகிறது. இதனை 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மூளையில் பசியை ஆளும் அதே இரசாயனப் பொருள்கள் உடலின் வேறு இடங்களில் வேறு தொழில்களையும் செய்கின்றன. ஒரு வீட்டில் பல அறைகளுக்கு ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையைப் பூட்டுவதற்காக அந்தச் சாவியைத் திருப்பினால், நாம் அறியாமலே வேறொரு கதவும் அசையும். அந்தக் கதவு எது என்று கேளாமல் சாவியைத் திருப்பியதுதான் பசியடக்கும் மாத்திரைகளின் நெடுங்கதை.

ஆம்ஃபெடமின் என்ற பொருள் 1887-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் முதன்முதல் ஆக்கப்பட்டது. நெடுங்காலம் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1930-களில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக அது விற்பனைக்கு வந்தது. அதனை உபயோகித்தவர்களுக்குத் தூக்கம் வரவில்லை; பசியும் குன்றியது. இரண்டாம் உலகப் போரில் உறக்கத்தை விரட்டுவதற்காகப் போர்வீரர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். போர் முடிந்தபின் அதுவே உடல் மெலிய விரும்பும் பெண்களின் மாத்திரையாயிற்று. அது பசியை எவ்வாறு அடக்குகிறது? புலியைக் கண்டு ஓடுகிறவனுக்குப் பசிக்குமா? உடல் முழுவதையும் அத்தகைய ஓட்டத்திற்கு ஆயத்தமாக்கி விடுகிறது அம்மருந்து. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உறக்கம் ஓடுகிறது. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். பசி திரும்பும். பசியை மீண்டும் அடக்க அளவைக் கூட்டவேண்டும். கூட்டக் கூட்ட அது விடாத பழக்கமாகிவிடும். இக்காரணத்தால் 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அதனைக் கடுமையான கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது.

அதே நாட்டில் 'வானவில் மாத்திரைகள்' என்றும் சில வழங்கின. சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பல நிறங்கள்! ஆம்ஃபெடமினோடு தைராய்டு ஹார்மோனும், சிறுநீரைப் பெருக்கும் மருந்தும், இருதய நோய்க்குரிய டிஜிடாலிஸும் அவற்றில் இருந்தன. உண்டவர்களில் சிலர் மாண்டனர். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க செனட் சபையின் குழுவொன்று இதனை விசாரித்தது. நிறங்கள் கண்ணைக் கவர்ந்தன. உள்ளே இருந்தது இன்னதென்று உண்டவர் அறிந்திலர்.

அக்காலத்திலேயே ஐரோப்பாவில் வேறொரு துன்பம் நேர்ந்தது. 1965-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி விற்பனைக்கு வந்தது. சிறிது காலத்தில் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு மூச்சிரைப்புடன் வருவோர் பெருகினர். இருதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் குறுகி, அங்கு அழுத்தம் ஏறியிருந்தது. இது மிக அரிய நோய், கொடிய நோயுமாகும். குறுகிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்பாகம் ஓய்ந்துவிடும். 1968-ஆம் ஆண்டில் அம்மருந்து விலக்கப்பட்டது.

அனுபவம் கிடைத்துவிட்டது; இனி அஞ்சவேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் நடந்தது வேறு. ஃபென்ஃப்ளூரமின் என்ற மற்றொரு பசியடக்கியும் வழங்கி வந்தது. இது ஆம்ஃபெடமினைப்போல் உறக்கத்தை விரட்டுவதில்லை. ஆகவே தீங்கற்றதென நம்பினர். 1996-ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, இத்தகைய மருந்துகளை மூன்று மாதங்களுக்கு மேல் உண்டவர்களுக்கு அதே நுரையீரல் குழாய் நோய் வரும் வாய்ப்பு 20 மடங்குக்கு மேல் உயர்வதைக் காட்டியது. மறு ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள், இம்மருந்தை வேறொன்றுடன் சேர்த்து உண்ட 24 பெண்களின் இருதய வால்வுகள் கெட்டிருப்பதை அறிவித்தனர். அந்த 1997-ஆம் ஆண்டிலேயே மருந்து சந்தையிலிருந்து மறைந்தது.

காரணம் பின்னர் விளங்கிற்று. இம்மருந்து உடலுக்குள் சென்றபின் நார்ஃபென்ஃப்ளூரமின் என்ற பொருளாக மாறுகிறது. அப்பொருள் மூளையில் பசியை அடக்கும். இருதய வால்வுகளிலுள்ள உயிரணுக்களையோ வேண்டாத வளர்ச்சிக்குத் தூண்டும். வால்வு தடித்து, சரியாக மூடாமல், இரத்தம் பின்னோக்கிக் கசியும். நான் கூறிய மற்றொரு கதவு இதுதான்.

இனி வரும் பகுதியை ஊன்றிக் கேளுங்கள். பிரான்சில் மீடியேட்டர் என்ற மாத்திரை 1976-ஆம் ஆண்டு முதல் விற்கப்பட்டு வந்தது. செர்வியே என்ற நிறுவனம் அதனைத் தயாரித்தது. அது நீரிழிவும் உடற்பருமனும் உடையவர்களுக்கு உரியதெனச் சீட்டில் எழுதியிருந்தது. பசியடக்கி என்று எழுதவில்லை. ஆயினும் இளைப்பதற்கென்றே பல மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்தனர். அதிலுள்ள பென்ஃப்ளூரெக்ஸ் என்ற பொருள் உடலுக்குள் சென்றபின் என்ன ஆகிறது தெரியுமா? அதே நார்ஃபென்ஃப்ளூரமின் ஆகிறது! 1997-இல் உறவினர் மருந்துகள் யாவும் விலக்கப்பட்டபோது, பெயரும் வகையும் வேறாயிருந்த இந்த ஒன்று மட்டும் அலமாரியில் தங்கிவிட்டது.

பிரான்சின் மேற்குக் கரையில் பிரெஸ்ட் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனையில் இரேன் ஃப்ராஷோன் என்ற அம்மையார் நுரையீரல் மருத்துவர். 2007-ஆம் ஆண்டில் அவரிடம் நுரையீரல் குழாய் நோயுடன் ஒரு பெண்மணி வந்தார். அவர் மீடியேட்டர் உண்டு வந்தவர். பயிற்சிக் காலத்தில் பழைய பசியடக்கிகளால் துன்புற்ற நோயாளிகளைக் கண்டிருந்த அம்மையாருக்கு ஐயம் பிறந்தது. ஐயம் மட்டும் போதாதே! அவரும் அவருடைய தோழர்களும் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினர். இருதய வால்வுக் கசிவுக்குக் காரணம் விளங்காத 27 பேரை எடுத்துக்கொண்டனர். காரணம் விளங்கிய 54 பேரையும் எடுத்துக்கொண்டனர். பின்னவருள் அம்மருந்தை உண்டவர் 3 பேர். முன்னவருள் உண்டவர் 19 பேர்! எளிய எண்ணிக்கைதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த உண்மையை அந்த எண்ணிக்கை வெளிக்கொணர்ந்தது.

2009-ஆம் ஆண்டு நவம்பரில் மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் அதை உண்டிருந்தனர். இறந்தோர் சில நூறு முதல் இரண்டாயிரம் வரை என மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டு அம்மையார் இதனை ஒரு நூலாக எழுதினார். எத்தனை பேர் மாண்டனர் என்று வினவும் அதன் துணைத்தலைப்பை நீக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அவ்வாணை தள்ளுபடியாயிற்று. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாரிஸ் நீதிமன்றம் அந்நிறுவனத்தை ஏமாற்றுக் குற்றத்திற்கும், கவனமின்மையால் உயிரிழப்பு விளைவித்த குற்றத்திற்கும் உரியதெனத் தீர்ப்பளித்தது. காலம் கடந்து விழித்த அரசாங்க மருந்துத் துறைக்கும் அபராதம் விதிக்கப்பட்டது.

மாணவர்களே, அட்டையில் எழுதியுள்ள பெயரை மருந்து அறியாது, உடலும் அறியாது. உடல் அறிவது பொருளை மட்டுமே.

அவ்வாறாயின், இத்தகைய பொருள்கள் யாவும் நஞ்சு என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் நியாயமன்று. நான் மேலே குறிப்பிட்ட ஃபென்ஃப்ளூரமினையே 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கா மீண்டும் அனுமதித்தது. டிராவே நோய் என்ற கொடிய வலிப்பினால் துன்புறும் குழந்தைகளுக்காக, குறைந்த அளவில், அவ்வப்போது இருதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. பொருள் அதுவே. யாருக்கு, எதற்கு, எவர் கண்காணிப்பில் என்பவைதாம் மாறின.

அன்றியும், மிகு பருமன் ஒரு நோய். அது பெருந்தீனியின் தண்டனையன்று, பரிகாசத்திற்கு உரியதுமன்று. நீரிழிவும் இருதய நோயும் அதன் பின்னே வருகின்றன. அந்நோயாளிகளுக்கு மருந்து வேண்டும்தான். இன்று செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகள் வந்துள்ளன. உணவு உண்டபின் குடல் இயல்பாகச் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல இவை வேலை செய்கின்றன. 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 1,961 பேர் பங்கு கொண்டனர். மருந்து பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 15 பங்கு இழந்தனர். ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டது.

இம்முறை விஞ்ஞானிகள் ஒரு நற்காரியம் செய்தனர். மற்றக் கதவைப் பற்றியும் கேட்டனர். இருதய நோயும் மிகை எடையும் உள்ள 17,604 பேரிடம் சோதித்து, மாரடைப்பு முதலிய கேடுகள் நூற்றுக்கு 20 பங்கு குறைந்ததை 2023-இல் அறிவித்தனர். இதற்கு நேர்மாறாக, சிபுட்ரமின் என்ற முந்திய மாத்திரை இதே போன்ற சோதனையில் தோற்றது. இருதய நோயுள்ளவர்களுக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்தது. 2011-ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டது. புதிய ஊசிகளுக்கும் குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல் முதலிய தொல்லைகள் உண்டு. ஆகவே அவையும் மருத்துவர் எழுதி, மருத்துவர் கவனித்து, உரியவர்க்கே தரவேண்டியவை.

இவற்றைக் கேட்டபின் அந்தப் பெண், "அப்படியானால் தோழியின் அக்கா சாப்பிடுவது தவறா, மாமா?" என்று கேட்டாள். "அவரைப் பார்த்த மருத்துவருக்கு அது தெரியும். உன்னை எந்த மருத்துவரும் பார்க்கவில்லையே!" என்றேன்.

மறுநாள் காலை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இருதயத்தைப் பரிசோதித்தார். உயரத்தையும் எடையையும் அளந்தார். அவள் எடை அவள் உயரத்திற்குப் பொருத்தமாகவே இருந்தது! கல்லூரி விழாவில் எடுத்த நிழற்படத்தைப் பார்த்து யாரோ சொன்ன ஒரு வார்த்தைதான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது. சொன்னவர்கள் அதை அன்றே மறந்திருப்பார்கள்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வேன்: பிறர் உடலைப் பற்றி ஒரு சொல் சொல்லுமுன் நினைத்துப் பாருங்கள். பிறருக்கு எழுதிய மருந்தை உங்கள் வாயில் இடாதீர்கள். மருத்துவர் உங்களுக்கே ஒரு மருந்து எழுதினாலும், இதன் பெயர் என்ன, இது பசியையன்றி வேறெதைத் தொடும், எத்தனை நாள் உண்ணவேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார்.

நான்கைந்து நாள் கழித்து என் தமக்கை மீண்டும் அழைத்தாள். "நேற்று இரவு நன்றாகத் தூங்கினாள், தம்பி. இன்று காலை எழுந்ததும், 'அம்மா, பசிக்கிறது' என்றாள்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. மகளின் பசியைக் கேட்டு ஒரு தாய் மகிழ்ந்தாள். உடல் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?