கணிப்பொறிக்கும் ஒரு முகவரி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முகவரியின் அருமையைச் சீத்தா கேம்ப் வாசிகளாகிய நமக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனியைக் காலி செய்வித்து நம்மவரை இங்குக் கொணர்ந்து விட்டார்கள். எண்ணில்லாத வீட்டுக்குத் தபாலும் வாராது. ரேஷன் கார்டும் எளிதிற் கிட்டாது. கணிப்பொறியின் நிலையும் அஃதே.

இன்று ரயில்வே வேலைக்கு மனுச் செய்வதும், கல்லூரியில் இடம் கோருவதும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. கடைசித் தேதியன்று இணைப்பு அறுந்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகக்கூடும். ஆகவே சில செய்திகளை நாம் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

வெளியிலிருந்து வரும் ஓர் இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் ஜங்ஷனே ரௌட்டர். கணிப்பொறியின் நெட்வொர்க் அமைப்பில், முகவரியைத் தானாகப் பெறும்படி குறித்துவிட்டால், ரௌட்டரே ஓர் எண்ணை ஒதுக்கும். இம்முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். நாமே எண்களை எழுதி, இரு கருவிகளுக்கு ஒன்றையே கொடுத்துவிட்டால், ஒரே பெர்த்தில் இரு பயணிகளை ஏற்றிய கதையாகும்.

பழைய முறைப்படி உலகிலுள்ள முகவரிகள் சுமார் 429 கோடியே. அவை போதா என்று கண்டு, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்கத்தக்க எண்களை 1994இல் தனியே வகுத்தார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அவ்வகையின. வெளியுலகுக்கு நம் வீடு முழுவதும் ஒரே முகவரியாகத் தோன்றும். உள்ளே எக்கருவி எதைக் கேட்டது என்பதை ரௌட்டர் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, வந்த பதிலை உரியதனிடம் சேர்க்கும்.

பழுது நேர்ந்தால் முதலில் கணிப்பொறியின் எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி கிட்டவில்லை என்பது பொருள். கம்பியையும் வை-ஃபை கடவுச்சொல்லையும் சோதியுங்கள். எண் சரியாக இருந்தும் எந்த வீட்டுக் கருவியிலும் இணையம் வாராவிடில், ரௌட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள். அப்போதும் வாராவிடில், இணைப்பு அளிப்போரிடம் முறையிடுங்கள். தளத்தின் பெயரை மட்டும் கண்டறிய இயலவில்லை என்று திரை சொன்னால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் குறை இருத்தல் கூடும்.

மற்றொன்று. நம் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கிறது. வை-ஃபை அலையோ சுவரைக் கடந்து செல்வது. எனவே ரௌட்டருடன் வந்த ஆதிக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். நம் இணைப்பில் நுழைந்து பிறர் புரியும் குற்றத்துக்கும் முதல் விசாரணை நம் வாயிலுக்கே வரும்.

ரௌட்டரின் எண்ணையும், கடவுச்சொல்லையும், முறையீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். இவ்வேலையை மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் கற்பியுங்கள். பகலில் நாம் பணிக்குச் சென்றிருக்கும் வேளையில், வீட்டில் இருப்பவர் பிறர் கையை எதிர்பாராது இணைப்பைச் சீர்செய்தல் வேண்டும்.