கொழுந்து லொறியில் கரண்ட் போனால்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் சாரதிகள், உதவியாளர்கள், தலைவர்மார், மாதர் சங்கத்தினர் முன்னிலையில் ஆற்றிய உரை)



கொழுந்து ஏற்றுவதும் அந்த லொறிதான், உரமூட்டை இறக்குவதும் அதே லொறிதான். ராத்திரியில் பிரசவ வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் பல தோட்டங்களில் அதுதான். அது நின்றுபோனால் நட்டம் நிர்வாகத்துக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். பழியோ டிரைவர் தலையில் விழுகிறது. ஆகவே பழைய லொறியில் கரண்ட் ஏன் போகிறது என்பதை நாமும் தெரிந்து வைத்திருப்போம்.

"பெட்டரி செத்துப் போச்சு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். பல தடவை கோளாறு பெட்டரியில் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்து பார்ப்போம். லைட் மங்கி 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தால் பெட்டரியில் சார்ஜ் குறைவு. லைட் ஒரேயடியாக அணைந்தால் பெட்டரி டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. லைட் மங்காமல் இருந்தும் ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டரையும் அதற்குப் போகும் வயரையும் சாவி சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல 12 வோல்ட் பெட்டரி ஏறக்குறைய 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான். பெரிய லொறிகளில் இரண்டு பெட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ரேடியோவுக்காக ஒரு பெட்டரியில் மட்டும் வயர் இழுத்தால் அது முதலில் கெடும், மற்றதையும் கெடுக்கும்.

அடுத்தது எர்த் வயர். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், சேசிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டிதான் கரண்டுக்கு வழி. மழையும் பனியும் உரத்தூளும் பட்டு அது அரித்துப் போகும். கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிக் கட்டினால் பாதித் தொல்லை தீரும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவலாம். அந்தத் தண்ணீர் பெட்டரிக்குள் போகக் கூடாது.

எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் லொறியில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ட் லொறியில் அதன் இரு மடங்கும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல லொறிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் தொடர்ந்து ஓட்டக் கூடாது, எஞ்சின் சூடேறிவிடும்.

செய்யக் கூடாதவை நான்கு. பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பி கட்டாதீர்கள், வயர் எரியும். எஞ்சின் ஓடும்போது பெட்டரியைக் கழற்றிச் சோதிக்காதீர்கள், அல்டனேட்டர் கெடும். பெட்டரிக்குப் பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ பற்ற வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். கழற்றும்போது எர்த் வயரைக் கடைசியாக விடாதீர்கள், அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

தோழர்களே, பழைய டீசல் எஞ்சின் பலவும் கரண்ட் போனாலும் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதுதான் பெரிய ஆபத்து. ராத்திரி மலைப்பாதை வளைவில் திடீரென்று லைட் அணையும், பின்னால் நம் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஆகவே லைட் மினுக்கினால் அன்றே சொல்லுங்கள், வாயால் மட்டும் சொல்லாதீர்கள். திகதி போட்டு எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுத்தில் இருந்தால் நாளைக்கு "டிரைவர் சொல்லவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

பெட்டரி, பெல்ட், வயர் வாங்குவது நிர்வாகத்தின் பொறுப்பு, டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கும் கணக்கல்ல. லைட் எரியாத லொறியில் இருட்டிய பிறகு நாம் ஒருவரும் ஏறுவதில்லை என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எடுப்போம். நாம் ஒன்றாக நின்றால் டிரைவர் தனித்து நிற்க வேண்டியதில்லை.