வழக்கு ஒருவனது, மொழி வேறொருவனதா?
(பொதுக்கூட்ட உரை)



மதுரை என்றதும் கண்ணகி நினைவுக்கு வருவாள். கணவனை இழந்த அப் பெண் பாண்டியன் வாயிலில் வந்து நின்றாள். வாயிற்காவலன் விரைந்து சென்று உரைத்தான். அரசன் உள்ளே அழைத்தான். அவள் தன் மொழியில் முறையிட்டாள். அவன் அம் மொழியிலேயே விடை கூறினான். இடையே மொழிபெயர்ப்பாளன் இல்லை, கட்டணம் இல்லை, நாட்கடத்தல் இல்லை. சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டதும், அரசன் தன் பிழையை அவையிலேயே ஒப்புக்கொண்டான். இளங்கோவடிகள் காட்டும் முறைமன்றம் அது!

அதே மதுரையில் 2004-ஆம் ஆண்டு சென்னை உயர்முறைமன்றத்தின் கிளை திறக்கப்பெற்றது. குமரியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சென்னைக்கு அலைந்த எளியோர்க்கு வழித்தொலைவு குறைந்தது. மொழித்தொலைவு குறைந்ததா? நிலமிழந்த உழவன் மன்றத்தின் பின்வரிசையில் நிற்கின்றான். அவன் நிலத்தைப் பற்றியே பேசுகின்றனர். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வெளியே வந்து, "ஐயா, வென்றோமா, தோற்றோமா?" என்று தன் வழக்குரைஞரைக் கேட்கின்றான். தீர்ப்பாளர் சிலர் தமிழில் பேச இசைவதுண்டு. அது கனிவு; உரிமையன்று.

இதற்குக் கரணியம் யாது? அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பு உயர்முறைமன்றங்களில் ஆங்கிலத்தை நிறுத்தியுள்ளது. ஆனால், குடியரசுத்தலைவர் இசைவுடன் ஆளுநர் மாநில மொழியை நுழைக்கலாம் என்று அவ்வுறுப்பே வழியும் விட்டுள்ளது. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தீர்ப்புக்கும் அவ்வழியைத் திறந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு உடனிருந்தாற் போதும்.

அவ்வழியில் இராசத்தான் 1950-இலும், உத்தரப்பிரதேசம் 1969-இலும், மத்தியப்பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இந்திக்கு இசைவு பெற்றன. அம்மக்கள் தம் மொழியில் முறைபெறுவது நன்றே! தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்கு அவ்விசைவைக் கேட்டது. 2012-இல் உச்சமுறைமன்றத் தீர்ப்பாளர் அனைவரும் கூடி, கருநாடகம், மேற்குவங்கம் முதலியவற்றின் வேண்டுகோளோடு அதனையும் ஏற்க மறுத்தனர். இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் அடைபட வேண்டும்?

பிறரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கீழ்மன்றங்களில் சான்று பதியவும் தீர்ப்பெழுதவும் தமிழை அமைத்து 1976-இலேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் முற்றும் விடவில்லை. ஆங்கில மனுவே மதிப்பென்று கருதும் தமிழ் வழக்குரைஞரும் உளர். இம் மயக்கம் தீரவேண்டும்.

மொழியைப் போலவே பொருளும் ஒரு தடை. அதனை நீக்க 1987-இல் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995-இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், சிறுவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர்க்கு வருமானம் பாராது வழக்குரைஞர் அமர்த்தித் தரப்படுவார். கட்டணம் இல்லை. மாவட்ட அளவில் ஆணைக்குழுக்களும் வட்ட அளவில் குழுக்களும் உள்ளன. மக்கள் முறைமன்றத்தில் வழக்கு இணக்கமாகத் தீர்ந்தால், கட்டிய மன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால், அத் தீர்வின்மேல் மேல்முறையீடு இல்லை. ஆதலால், எழுதியதைத் தமிழில் படிக்கக் கேட்டு, விளங்கிய பின்னரே கையொப்பமிடுக!

இளைஞர்களே! இச் செய்தியை ஊர்தோறும் சொல்லுங்கள். முறையிடத் தெரியாத ஒரு தாயை வட்டக்குழுவின் வாயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். வழக்குரைஞர்களே! தமிழில் மனு எழுதுங்கள். தமிழில் தீர்ப்புக் கேளுங்கள். உயர்முறைமன்றத்தில் தமிழ் அமரும்வரை கோரிக்கையைத் தளரவிடாதீர்கள்.

தோற்றவனுக்கும் தான் ஏன் தோற்றோம் என்பது விளங்க வேண்டும். அதுவே முறை!

வெல்க தமிழ்!