கரணமும் பதிவும்: ஊர் கடந்த திருமணங்களும் நம் சொற்களும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சட்டம் சார்ந்தது. ஆயினும் சட்டத்தை மொழியின் வாயிலாகவே அணுக விரும்புகிறோம். நம் வட்டாரத்தில் பெண் ஓர் ஊர், மாப்பிள்ளை ஓர் ஊர், மண்டபம் மூன்றாவது ஊர் என்பது இன்று இயல்பாகிவிட்டது. பாரிட் புந்தாரைக் கடந்தால் பினாங்கு மாநிலம். செலாமாவுக்கு அப்பால் கெடா. தோட்டங்களில் ஒரே லயத்துக்குள் சம்பந்தம் பேசிய காலம் போய்விட்டது. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். சிலர் தமிழ்நாட்டுக் கோயிலில் தாலி கட்ட விரும்புகிறார்கள். அப்போது எழும் கேள்வி ஒன்றே: எங்கே ‘ரிஜிஸ்டர்’ செய்வது?

இந்த ‘ரிஜிஸ்டர்’ என்னும் சொல்லிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. நம் பேச்சு வழக்கில் அச்சொல் நான்கு வெவ்வேறு செயல்களைக் குறிக்கிறது. திருமணம் செய்யப்போகிறோம் என்று அறிவித்தல் ஒன்று. தடையில்லை என்னும் சான்றைப் பெறுதல் இரண்டு. சாட்சிகள் முன் மணத்தை முடித்துவைத்தல் மூன்று. அதனை ஏட்டில் பதிதல் நான்கு. சட்டம் இந்நான்கையும் பிரித்தே பேசுகிறது. நாம் ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம். ஒரே ஊரில், ஒரே அலுவலகத்தில் எல்லாம் நடந்தால் இதனால் பெருந்தீங்கில்லை. ஊர் மாறும்போதுதான் எந்தச் செயலை எங்கே, எப்போது செய்வது என்பதில் குழப்பம் வருகிறது.

சட்டம் சொல்வதை முதலில் காண்போம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை ஆள்வது 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டமாகும். சட்டம் 164 என்பது அதன் எண். 1982 மார்ச் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்து சமய, வழக்காற்று முறைப்படி நடந்து, அந்நாளில் நிலைத்திருந்த செல்லத்தக்க திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும் என்று அச்சட்டம் கூறுகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணமுடித்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு அது கேடயமாயிற்று. அந்த நாளுக்குப் பின்னர் ஒருவனுக்கு ஒருத்தி என்பதே விதி. எந்தச் சமய முறைப்படி நடந்தாலும் சட்டம் வகுத்த வழியிலேயே மணமுடிக்க வேண்டும்.

இது கூட்டரசுச் சட்டம். ஆதலால் பேராக்கில் ஒரு விதி, பினாங்கில் வேறு விதி என்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் திருமண உரிமத்தைத் தானே வழங்குகிறது; ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமத்தை வைத்துக்கொண்டு மற்றொரு மாநிலத்தில் மணமுடிக்க இயலாது. நியூயார்க் மாநிலத்தில் உரிமம் பெற்று 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 60 நாளில் அது காலாவதியாகும். நமக்கு மாநில எல்லை அவ்வளவு பெரிய தடையன்று. நமக்கு எல்லையாக நிற்பது பதிவு மாவட்டமே.

பதிவாளர் அலுவலக வழியில் செல்வோர்க்குச் சட்டம் வகுத்த முறை இது. மணமக்கள் ஒவ்வொருவரும், அறிவிப்புக்கு முந்திய ஏழு நாள்கள் தாம் வசித்த பதிவு மாவட்டத்தின் பதிவாளரிடம் அறிவிப்புத் தர வேண்டும். இருவரும் வெவ்வேறு மாவட்டத்தார் என்றால் இரு மாவட்டங்களிலும் தர வேண்டும். கமுந்திங்கில் வாழும் பெண் தன் மாவட்டத்திலும், கூலிமில் வாழும் மாப்பிள்ளை தம் மாவட்டத்திலும் அறிவிக்க வேண்டும் என்பது இதன் பொருள். பதிவாளர் அதனை வெளியிடுவார். வெளியிட்டு 21 நாள் கழிந்த பின்னரே, தடை எழவில்லையாயின், சான்று கிடைக்கும். வெளியிட்ட நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மணம் நடைபெற வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தை மாதத்தில் அறிவித்துவிட்டு ஆவணியில் முகூர்த்தம் குறிப்போர் நாள்களை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

அவசரமான நிலையில் அறிவிப்பையும் காத்திருப்பையும் தவிர்க்கும் சிறப்பு உரிமம் ஒன்றுண்டு. அதனை வழங்கும் அதிகாரம் மாநிலத்தின் மந்திரி புசாரிடம் அல்லது முதலமைச்சரிடம் உள்ளது. அவ்வுரிமம் பெற்றால் ஒரு மாதத்திற்குள் மணமுடிக்க வேண்டும். ‘உரிமம்’ என்னும் சொல் தமிழில் முறையாகப் பொருந்துவது இங்கேதான். ஏனையோர் பெறுவது உரிமம் அன்று. தடையில்லை என்னும் சான்று.

கோயில் வழி தனி. சமயமும் வழக்கமும் ஏற்கும் எந்த நேரத்திலும் கோயிலில் மணமுடிக்கச் சட்டம் இடம் தருகிறது. விடியற்காலை முகூர்த்தத்திற்கும் தடையில்லை. ஆனால் முடித்துவைப்பவர் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றிருக்க வேண்டும். மணமக்களின் சத்தியப் பிரமாண அறிக்கையைப் பெற்று, இரண்டு சாட்சிகளேனும் இருக்க, அவர் மணத்தை முடித்துவைக்க வேண்டும். இங்கே நாம் மறப்பது ஒன்றுண்டு. துணைப் பதிவாளர் ஒரு பதிவு மாவட்டத்திற்கென நியமிக்கப்படுபவர். நம் ஊர்க் குருக்கள் நமக்கு எவ்வளவு வேண்டியவராயினும், அவரை அழைத்துக்கொண்டு வேறு மாநில மண்டபத்திற்குச் செல்வதற்கு முன், அவருடைய நியமனம் அந்த இடத்திற்குச் செல்லுமா என்று கேட்டறிவது கடமை. மந்திரம் எங்கும் செல்லும்; நியமனம் எங்கும் செல்லாது.

அடுத்து, கடல் கடந்த திருமணம். தமிழ்நாட்டில் மணமுடிப்போர் அங்குள்ள விதிகளையும் அறிய வேண்டும். 2006 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களும் பதிவாக வேண்டும் என்று பணித்தது. அதன்பின் 2009இல் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் வந்தது. திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது அதன் பொதுவிதி. அங்கே பதிந்ததோடு கடமை முடிவதில்லை. வெளிநாட்டில் மணமுடித்த மலேசியர், ஆறு மாதத்திற்குள் அருகிலுள்ள மலேசியத் தூதரகப் பதிவாளர் முன் சென்று பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்குள்ள பதிவாளரிடம் பதியலாம். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆயினும் கோயில் ரசீதையும் நிழற்படத் தொகுப்பையும் மட்டும் கொண்டு விமானம் ஏறுவோர் உண்டு.

“அம்பாள் சாட்சியாகத் தாலி கட்டியாயிற்று, தாள் எதற்கு?” என்று நம் மூத்தோர் கேட்பதுண்டு. அக்கேள்வியை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. பதிவு செய்ததாலேயே செல்லாத திருமணம் செல்லுபடியாகிவிடாது. பதியாததாலேயே செல்லத்தக்க திருமணம் செல்லாமற் போகாது என்று இதே சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. அதனைக் கொண்டு பதியாத வழக்காற்றுத் திருமணத்தை ஏற்ற தீர்ப்பும் உண்டு. ஏற்காத தீர்ப்பும் உண்டு. கணவனை இழந்த பெண், சொக்சோ உதவிக்கோ சேமநிதிக்கோ நிற்கும் நாளில், எந்தத் தீர்ப்பின் பக்கம் தம் வாழ்வு விழும் என்று காத்திருக்கும் நிலை வரலாமா என்பதே நம் கேள்வி.

பிள்ளைகளின் நிலை இதனினும் கடுமையானது. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின்படி, சட்டமுறைத் திருமணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர் ஆயின், தந்தை மலேசியராக இருந்தும் குழந்தைக்குக் குடியுரிமை தானாக வருவதில்லை. வெளிநாட்டில் பிறந்து, பிறந்த பின்னரே பெற்றோர் மணந்துகொண்ட ஒரு குழந்தையின் வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நான்கிற்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் அவ்வாறே தீர்ப்பளித்தது. திருமணம் நடந்ததா என்பது மட்டுமன்று, எந்த நாளில் நடந்தது என்பதும் ஒரு குழந்தையின் நாட்டை முடிவு செய்கிறது.

மறுபுறமும் ஓர் இடர் உண்டு. நம் வீடுகளில் பலர் முதலில் பதிவாளர் முன் மணமுடித்து, பல மாதம் கழித்துத் தாலி கட்டுகிறார்கள். குடும்பத்தின் பார்வையில் இடைப்பட்ட காலம் நிச்சயதார்த்தம் போன்றது. “ரிஜிஸ்டர் மட்டும் ஆயிற்று, கல்யாணம் இன்னும் ஆகவில்லை” என்பார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவனும் மனைவியும் ஆவர். மனம் மாறினால் பாக்குத் தட்டைத் திருப்புவதுபோல் திருப்ப இயலாது. மணத்தைச் செல்லாததாக்கக் கோருவதாயினும், மணமுறிவு கோருவதாயினும், நீதிமன்றப் படி ஏற வேண்டும். மணமுறிவு மனுவைப் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுக்குள் தரவும் முடியாது. ‘ரிஜிஸ்டர்’ என்னும் சொல் ‘மணமுடிப்பு’ என்பதை மறைத்ததன் விளைவு இது.

இனி நம் இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியம் திருமணச் சடங்கைக் ‘கரணம்’ என்கிறது. கற்பியல் சொல்லும் செய்திகளுள் இரண்டு இன்றைய பொருளுக்கு நேரே உரியவை. பொய்யும் பிழையும் தோன்றத் தொடங்கிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது ஒன்று. பெண்ணைத் தருவதற்கு உற்றார் இல்லாமல் இருவரும் உடன்போகிய காலத்திலும் கரணம் உண்டு என்பது மற்றொன்று. முன்னது, ஒருவர் மற்றவரை ஏமாற்றாதிருக்கவே விதி பிறந்தது என்கிறது. பின்னது, ஊர் கடந்து சென்றாலும் அவ்விதி இருவரையும் கைவிடுவதில்லை என்கிறது. ஆகவே விதி வகுத்து மணமுடித்தல் ஆங்கிலேயன் கொண்டுவந்த புதுமை என்று கருத வேண்டியதில்லை.

அச்சொல்லின் பிற்கால வரலாறும் கருதத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் கணக்கெழுதுவோன் கரணத்தான் எனப்படுகிறான். ஊர்க் கணக்கரைக் கர்ணம் என்று அழைத்த வழக்கம் தமிழ்நாட்டில் அண்மைக்காலம் வரை இருந்தது. சடங்கையும் ஏட்டையும் ஒரே சொல் தொட்டு நின்றது. நாமோ ஒன்றைக் கோயிலுக்கும் மற்றொன்றை அலுவலகத்திற்கும் பிரித்துவிட்டு, இரண்டும் பகை என்று எண்ணிக்கொண்டோம்.

சட்டமும் சொல்லை மதிக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு அது சட்ட ஏற்பு அளித்தது. மணமக்கள் தமக்குப் புரிந்த ஏதேனும் ஒரு மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தல் அது காட்டும் வழிகளுள் ஒன்று. புரிந்த மொழியில் என்னும் அந்தச் சொற்களை மொழியியலார் அனைவரும் போற்ற வேண்டும். நம் நாட்டுச் சட்டத்திலும் பதிவாளர் மணமக்களிடம் கேட்க வேண்டிய சொற்கள் வகுக்கப்பட்டுள்ளன. உங்கள் சொந்த விருப்பத்தின்படி வந்திருக்கிறீர்களா என்று அவர் கேட்கிறார். நீதிமன்றத் தீர்ப்பினாலன்றி இம்மணம் உங்கள் வாழ்நாளில் முறியாது, இது நிலைத்திருக்கையில் வேறொரு மணம் செய்தல் குற்றம் என்று அறிவுறுத்துகிறார். இதனை மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் சொல்லலாம். மேளச் சத்தத்திற்கும் நிழற்படக்காரரின் அவசரத்திற்கும் இடையில் அச்சொற்கள் மணமக்களின் காதில் விழாமல் போனால், கையொப்பம் இருக்கும், உடன்பாடு இருக்காது.

ஆகவே இம்மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, திருமண அறிவிப்பு, தடையின்மைச் சான்று, மணமுடிப்பு, மணப்பதிவு என்னும் நான்கு சொற்களையும், சிறப்பு உரிமம் என்பதனையும் நம் ஏடுகளிலும் கோயில் அறிவிப்புகளிலும் ஒரே பொருளில் வழங்குவோம். இரண்டாவது, பதிவாளர் சொல்ல வேண்டிய உரைக்கு எளிய, பிழையற்ற தமிழ் வடிவம் ஒன்றை மன்றம் உருவாக்கி, துணைப் பதிவாளர்களாகப் பணியாற்றும் நம் குருக்கள்மாரிடம் அளிக்கட்டும். மூன்றாவது, மண்டபத்திற்கு முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கோயில்தோறும் ஒட்டுவோம்: அறிவிப்பு எங்கே தந்தீர்கள்? ஆறு மாதம் எந்நாளில் முடிகிறது? மணமுடிப்பவர் அந்த மாவட்டத்திற்கு நியமனம் பெற்றவரா? வெளிநாடெனில் தூதரகப் பதிவு எந்நாளில்?

பத்திரிகை அடித்து ஊரெல்லாம் சேதி சொல்லும் சமுதாயம் நாம். அந்தச் சேதியைப் பதிவாளரிடமும் உரிய காலத்தில் சொல்லிவிட்டால், மணமக்கள் எந்த ஊர்க் கோயிலில் மாலை மாற்றினாலும் அவர்களுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் காப்பு உண்டு.