பதினாலு மாடியும் ஒரு பாலமும்



சென்னையின் அடையாளங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கோயில், கோட்டை பற்றிச் சொல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் சிவில் படித்தவன். ஒரு ஆபீஸ் கட்டடத்தையும் ஒரு மேம்பாலத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் இன்சூரன்ஸ் கணக்கு எழுதக் கட்டியது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் கம்பெனிக்காகத் தொடங்கினார். 1954-ல் விமான விபத்தில் மறைந்தார். 1956-ல் ஆயுள் இன்சூரன்ஸ் தேசியமயமாகி, கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்து, 1959-ல் திறப்பு விழா கண்டது. பதினாலு மாடி! சினிமாவில் கிராமத்துக் கதாநாயகன் மெட்ராஸ் வந்துட்டான் என்று காட்ட அந்த ஒரு ஷாட் போதும். 1975-ல் தீப்பிடித்தது, அதையும் தாங்கி நின்றது. பிறகு அதைவிட உயரமாக எத்தனையோ வந்துவிட்டன. ஒன்றுக்காவது அந்த இடம் கிடைத்ததா? பஸ்ஸில் போகிறவன் காசு கொடுக்காமல், உள்ளே நுழையாமல், தினம் பார்த்த கட்டடம் அது. காரணம் அதுதான் என்பது என் கட்சி.

அடுத்து ஜெமினி. 1973-ல் கட்டிய பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். அண்ணா மீது நம் ஜனங்களுக்கு என்ன பிரியம் குறைவா? ஆனாலும் 'ஜெமினி எறங்கு' என்றுதான் கண்டக்டர் கூவுவார். வாசனின் ஸ்டூடியோ போய்விட்டது; பெயர் பாலத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் குதிரையை அடக்கும் சிலை, குதிரைப் பந்தயத் தடையின் நினைவாக வைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை என்று சொல்லிவிட்டது. பாவம், அந்த மனுஷன் கயிற்றை விடவில்லை!

மூர் மார்க்கெட்டுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. நம்மில் பாதிப் பேர் பழைய டெக்ஸ்ட் புக் பேரம் பேசி வாங்கியது அங்கேதான். 1985-ல் எரிந்தது. அங்கே வந்த புறநகர் ரயில் நிலையத்துக்கு 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கடை இல்லை, பெயர் மட்டும் ரயில் ஏறியது. இருந்த நாளில் அதன் தூண்களை யார் நின்று பார்த்தோம்? புஸ்தகத்தைத்தான் பார்த்தோம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நம் சங்க நிதியில் கல்லூரிக்குத் தோரண வாயில் கட்டவும், அதற்கு இடைஞ்சலாக இருக்கும் பழைய தண்ணீர்த் தொட்டியை இடிக்கவும் யோசனை நடக்கிறது. 'டேங்க் கிட்ட வந்துடு' என்று சொல்லாத மாணவன் நம் எந்த பேட்சிலாவது உண்டா? கான்கிரீட் உதிர்கிறது என்கிறார்கள். உண்மைதான், நேற்று நானும் பார்த்தேன். பழுது பார்க்க முடியுமா என்று முதலில் ஒரு எஸ்டிமேட் போடுவோம். முடியாது என்றால், இடிப்பதற்கு முன் இறுதியாண்டு மாணவர்கள் அதை அடி அடியாக அளந்து வரைந்து வைக்கட்டும். டிராயிங் ஷீட் செலவு என்னுடையது.