அயலார் பிள்ளையும் நம் பிள்ளையே



ரோட்டரி சங்கத்தார் இளைஞருக்கு ஆற்றும் பணிகளுள் இரண்டினை மட்டும் இங்குக் கூற விழைகிறேன்.

ஒன்று, பள்ளி மாணவர்க்கான இன்டராக்ட் மன்றம். 1962-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 23 மாணவர்களுடன் அது தோன்றிற்று, அனைவரும் ஆண்பிள்ளைகள். அவ்வமயம் உலக ரோட்டரியின் தலைவராக விளங்கியவர் கல்கத்தாவின் நிதீஷ் லஹரி. இன்று அம்மன்றங்களில் பெண்பிள்ளைகளும் தொண்டாற்றுகின்றனர்.

மற்றொன்று, மாணவர் பரிமாற்றம். 15 வயது கடந்த மாணவர் ஓராண்டளவு அயல்நாட்டில் தங்கிப் பயில்வர். வழிச்செலவு பெற்றோருடையது, உண்டியும் உறையுளும் அவ்வூர்க் குடும்பங்கள் அளிப்பன. அக்குடும்பங்களைச் சங்கத்தாரே ஆராய்ந்து தெரிவு செய்கின்றனர்.

“முன்பின் அறியாதார் இல்லத்தில் பெண்ணை எங்ஙனம் விடுவது?” என நம் தாய்மார் அஞ்சுவர். அவ்வச்சம் இயல்பே. தன் மகளை இங்கு அனுப்பும் அயல்நாட்டுத் தாய்க்கும் அஃது உண்டன்றோ?

தமிழகத்தினின்றும் போந்து, கரமனை ஆற்றங்கரையில் குடியேறி, மலையாளம் கற்றும் தமிழை மறவாதவர் நம் முன்னோர். வேற்றூர் வாழ்வு தாய்மொழியைப் பறித்துவிடாது என்பதற்கு நாமே சான்று. ஆதலின், முதற்கண் அயலார் பிள்ளைக்கு நம் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுப்போம். அவளைப் பேணிக் காத்த பின்னர், நம் மகளை அனுப்பும் துணிவு தானே பிறக்கும்.