ரோஜா கொடுக்கும் படகுத்துறை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர் எட்டிப் பார்த்ததும் படகுகள் வரிசையாகத் தெற்கே கிளம்பிவிடும். சொந்தப் பாய்மரப் படகில் சமையலறை, படுக்கை எல்லாம் வைத்துக்கொண்டு ஃப்ளோரிடாவின் வெயிலைத் தேடிப் போகிறவர்கள் இவர்கள். பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியர்தான் அதிகம். அட்லாண்டிக் அலையோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்குக் கரையை ஒட்டியே ஆறும் கால்வாயும் காயலுமாக ஒரு நீர்வழி உண்டு. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அதன் மைல் கணக்கு தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 50 மைல் தெற்கே, வட கரோலினாவில், பாஸ்குவோடாங்க் ஆற்றங்கரையில் இருக்கும் எலிசபெத் சிட்டிக்குத்தான் இன்று போகிறோம். பெயரில்தான் சிட்டி, மக்கள்தொகை 18,000 சொச்சம்.

வடக்கிலிருந்து வருகிற படகு, டிஸ்மல் ஸ்வாம்ப் என்கிற சதுப்புக்காட்டின் ஓரமாக 22 மைல் கால்வாயைக் கடக்க வேண்டும். இரு முனையிலும் மதகுத் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, நீரை நிரப்பி மேலே ஏற்றுவார்கள். மறுமுனையில் நீரை வடித்து இறக்கிவிடுவார்கள். குறித்த நேரத்தில்தான் கதவு திறக்கும். தவறவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

வாளியில் மொண்டு பார்த்தால் அந்த நீர் பால் விடாத தேநீர்போல இருக்கும். அழுக்கு அல்ல; மரப்பட்டையிலிருந்தும் மக்கிய தாவரங்களிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு. இந்த நீர் சீக்கிரம் கெடாது என்பதால் அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் நீண்ட பயணத்துக்குப் பீப்பாய் பீப்பாயாக நிரப்பிக்கொண்டு போனார்கள். இப்போது போகிறவர்களுக்கு அது வேறு பரிசு கொடுக்கிறது. வெள்ளைப் படகின் முகப்பில், நீர் தெறிக்கும் இடத்தில், பழுப்பாக ஒரு கறை படியும். படகுக்காரர்கள் அதை மீசை என்கிறார்கள். எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தால் போகும். ஆனால் இவ்வளவு தூரம் வந்ததற்கு அத்தாட்சி என்று சிலர் அப்படியே விட்டுவைப்பார்கள்.

அழகான கால்வாய்தான். ஆனால் 1793இல் தொடங்கி 1805இல் திறக்கும்வரை இடுப்பளவுச் சேற்றில் நின்று அதை வெட்டியவர்கள் அடிமைகள். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் அவர்களை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். மோசஸ் கிராண்டி என்பவர் இதே கால்வாயில் சரக்குப் படகு ஓட்டிய அடிமை. சிறுகச் சிறுகச் சேர்த்து 600 டாலர் கட்டித் தன்னைத்தானே மீட்கப் பார்த்தார். எஜமானர் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார். மறுபடி சேர்த்தார், அடுத்த எஜமானரும் அதையே செய்தார். மூன்றாவது முறைதான் விடுதலை கிடைத்தது. அவர் கதை 1843இல் லண்டனில் புத்தகமாக வந்தது. அந்தக் கால்வாயில் போகிறவர்கள் அதை ஒரு தடவை படித்துவிட்டுப் போவது நல்லது.

மதகைத் தாண்டினால் ஆறு நெளிந்து நெளிந்து அகலமாகும். சைப்ரஸ் மரங்கள் நீருக்குள்ளேயே நிற்கும். திறந்து மூடும் பாலத்துக்கு அப்பால் வலக்கரையில் மாலுமிகள் துறை. 48 மணி நேரம் காசில்லாமல் கட்டிக்கொள்ளலாம். மின்சார வசதி கிடையாது, நடைமேடைகளும் குட்டை. படகு நுழையும்போதே ஒருவர் பின்பக்கம் நின்று நீருக்குள் நட்ட கம்பத்தில் கயிற்றை மாட்ட வேண்டும். இன்னொருவர் முன்பக்கம் கரையை நோக்கி வீச வேண்டும். காற்று தள்ளினால் கணவன் மனைவிக்குள் வார்த்தை தடிக்கும் இடம் இதுதான். அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து ஒரு கை நீண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்!

அப்படிக் கை நீட்டியவர்களில் ஒருவர் ஃப்ரெட் ஃபியரிங், ஓய்வு பெற்ற தபால்காரர். 1983இல் துறை நிறையப் படகுகளைப் பார்த்து, நண்பர் ஜோ கிரேமருடன் சேர்ந்து, வந்தவர்களுக்கு ஒயினும் சீஸும் வைத்து ஒரு விருந்து கொடுத்தார். கிரேமர் தன் வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களை வெட்டி வந்து பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களுக்கு ரோஜாத் தோழர்கள் என்ற பெயர் நிலைத்தது. வானிலை சொல்லும் தொலைக்காட்சிப் பிரமுகர் வில்லர்ட் ஸ்காட் இதைக் கேள்விப்பட்டு ஃபியரிங்குக்கு ஒரு கோல்ஃப் வண்டியே பரிசளித்தார். கிரேமர் மறைந்தபின் அவருடைய ரோஜாச் செடிகளைத் துறைக்கே கொண்டுவந்து நட்டார்கள். ஃபியரிங் 2007இல் காலமானார். இதில் வியாபாரமும் இல்லாமல் இல்லை. இறங்குகிறவர்கள் ஊரில்தான் சாப்பிடுவார்கள், சாமான் வாங்குவார்கள். ஆனால் கணக்குப் போட்டா ரோஜாவை வெட்டினார்கள்? எனக்குத் தோன்றவில்லை.

எல்லாருக்கும் இந்த வரவேற்பு வாய்த்ததில்லை. 1900 செப்டம்பரில் வில்பர் ரைட், விமானச் சோதனைக்காகக் கிட்டி ஹாக் என்ற கடலோர ஊருக்குப் போக இங்கே வந்து படகு தேடி நாள்கணக்கில் அலைந்தார். கிடைத்தது ஒழுகும் பழைய படகு. வழியில் அல்பமார்ல் காயலில் புயல்காற்று புரட்டி எடுத்தது. படகுச் சமையலை நம்பாமல், தங்கை கேத்தரின் பெட்டிக்குள் வைத்தனுப்பிய ஜாம் பாட்டிலைக் கொண்டே பசியாறினார்.

துறையிலிருந்து தெற்கே போகிறவர்கள் கடக்க வேண்டிய அந்தக் காயல் இன்றும் அப்படித்தான். ஆழம் குறைவு, சுமாரான காற்றுக்கே அலை குட்டை குட்டையாக, செங்குத்தாக எழும். அதனால் நேயர்களே, என்றாவது அந்தத் துறையில் இரவு தங்க நேர்ந்தால், படுக்கும் முன் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். காற்று அடங்கியிருந்தால் விடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போங்கள்.